தறியில் பிறந்த யந்திரம், தறிக்காரன் பிள்ளைக்கு இல்லையா?

பள்ளிக்கூடம் திறந்த சமயம். கோவைப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் காலை ஷிப்ட் விடும் நேரத்திற்குக் கேட் மீட்டிங் பேசிவிட்டு, எதிரே டீக்கடையில் நின்றோம். ரிங் பிரேமில் சைடராக இருக்கும் ஒரு தோழர், சங்கச் சந்தாவைக் கொடுத்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தார்.

“தோழர், என்ற புள்ள பத்தாவது பாஸாயிட்டா. பதினொண்ணுல கம்ப்யூட்டர் குரூப்புதான் வேணுங்கறா. நம்மூர் கவர்மெண்டு ஸ்கூல்ல அந்த குரூப் இருக்குது. வாத்தியார்தான் இல்லீங்க. வேற குரூப் எடுத்துக்கச் சொல்றாங்க. என்ன பண்றதுங்க?”

பக்கத்தில் நின்ற ஒருவர், நம் சங்கத்தைச் சேராதவர், சிரித்தார். “கம்ப்யூட்டரே வேண்டாம்னு கொடி புடிச்சவங்க இவங்கதானுங்களே. இவங்ககிட்டப் போய்க் கேக்கறீங்களே!”

டீக்கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக எனக்குப் படவில்லை. இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. முதலில் சிரித்தவருக்குச் சொல்கிறேன்.

1960-களில் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் நிர்வாகம் பெரிய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவர முயன்றது. கல்கத்தாவில் இலாகோ ஹவுஸ் என்ற கட்டிடத்தில் அந்த யந்திரம் வந்து இறங்காதபடி ஊழியர்கள் இரவு பகலாகக் காவல் நின்றார்கள். உண்மைதான். அதை மறைக்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. பத்துப் பேர் வேலையை ஒரு யந்திரம் செய்துவிட்டால் மிச்சம் ஒன்பது பேரின் கதி என்ன, அவர்கள் உழைப்பின் பலன் யார் பைக்குப் போகிறது என்று அவர்கள் கேட்டார்கள். ஆட்டோகோனர் வந்து கோன் வைண்டிங் பகுதியில் ஆட்குறைப்பைப் பார்த்த எந்த மில் தொழிலாளியாவது அந்தக் கேள்வி தப்பு என்று சொல்வாரா? பிறகு 1983-ல் வங்கி ஊழியர் சங்கங்கள் நிர்வாகங்களோடு ஒப்பந்தம் போட்டு, எந்த அளவுக்கு யந்திரம், எந்த நிபந்தனையின் பேரில் என்று வரையறுத்தன. யந்திரமும் வந்தது, சங்கமும் இருக்கிறது.

என்றாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். யந்திரத்தால் வேலை போகும் என்று பேசிய அளவுக்கு, அந்த யந்திரத்தின் சூட்சுமத்தை நம் பிள்ளைகள் கற்க வேண்டும் என்று அந்நாளில் நாம் பேசவில்லை. 1984-ல் மத்திய சர்க்கார் ‘கிளாஸ்’ என்ற பெயரில் பள்ளிக்கூடங்களுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் பி.பி.சி. மைக்ரோ யந்திரங்கள். முதலில் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 250 பள்ளிக்கூடங்கள். இத்தனை பெரிய தேசத்துக்கு 250! அவை எந்தப் பள்ளிக்கூடங்கள், அங்கே படிப்பது யார் பிள்ளைகள் என்று நாம் உரக்கக் கேட்டிருக்க வேண்டும். அன்று கேட்காததன் வட்டியைத்தான் இன்று அந்த சைடர் தோழர் கட்டுகிறார்.

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரம் நம் ஆட்களுக்குத் தெரியவேண்டும். கம்ப்யூட்டரின் பாட்டன் ஒரு நெசவுத் தறி. 1804-05 வாக்கில் பிரான்சு தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர், பட்டில் பூ வேலை நெய்ய ஓர் ஏற்பாடு செய்தார். காஞ்சிபுரத்திலோ ஆரணியிலோ தறிக்காரரிடம் போய்ப் பாருங்கள், தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். அதில் துளை போட்ட அட்டைகள் வரிசையாகக் கோத்து ஓடும். துளை இருந்தால் அந்தக் கொக்கி பாவு இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் இழை அப்படியே கிடக்கும். இருக்கிறது, இல்லை, இருக்கிறது, இல்லை. இந்த இரண்டே சொல்லில் மயிலும் மாங்காயும் சேலையில் வந்து நிற்கின்றன. 1830-களில் இங்கிலாந்தில் பாபேஜ் என்ற கணித மேதை, இதே துளை அட்டையைக் கொண்டு கணக்குப் போடும் யந்திரம் ஒன்றைத் திட்டமிட்டார். 1890-ல் அமெரிக்காவில் ஹோலரித் என்பவர் துளை அட்டையால் ஜனத்தொகைக் கணக்கையே எடுத்து முடித்தார். அவர் தொடங்கிய கம்பெனியும் சேர்ந்துதான் பிற்பாடு ஐ.பி.எம். என்ற பெருங்கம்பெனி ஆயிற்று. இன்றைய கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் ஓடுவதும் அதே ‘இருக்கிறது, இல்லை’தான்.

லியோன் நெசவாளிகள் என்ன ஆனார்கள்? 1831-ல் கூலி விகிதம் கேட்டுக் கிளர்ந்தெழுந்தார்கள், 1834-லும் எழுந்தார்கள், பட்டாளம் வந்து அடக்கியது. தறியிலிருந்து பிறந்த வித்தை, தறிக்காரன் வீட்டுக்கு மட்டும் திரும்பி வரவே இல்லை.

“அதெல்லாம் படித்தவர்கள் சமாசாரம், வயலில் நிற்கிற எனக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?” என்று விவசாயத் தொழிலாளித் தோழர் கேட்கலாம். அவருக்குத்தான் மற்ற எல்லோரையும்விட அதிக சம்பந்தம்!

நூறு நாள் வேலையை எடுத்துக்கொள்வோம். 2023 ஜனவரி முதல் வேலைத்தலங்களில் செல்போன் வழியாகத்தான் வருகைப்பதிவு என்று கட்டாயமாக்கினார்கள். காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். சிக்னல் கிடைக்காத ஏரிக்கரையில் மண் வெட்டியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. உடம்பு வேலை செய்தது, படம் ஏறவில்லை. படம் ஏறாததால் கூலி ஏறவில்லை. கேட்டால், “சிஸ்டம் எடுக்க மாட்டேங்குதும்மா” என்று பதில் வரும். ரேஷன் கடையில், காய்த்துப்போன விரலில் ரேகை விழாத பாட்டிக்கும் இதே பதில்தான். முன்பெல்லாம் கங்காணி பொய்க்கணக்கு எழுதினால் அவன் சட்டையைப் பிடித்துக் கேட்க முடிந்தது. சிஸ்டத்துக்குச் சட்டை எங்கே இருக்கிறது?

இங்கேதான் நம் பிள்ளை கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. சிஸ்டம் என்பது சாமி இல்லை. ‘இரண்டாவது படம் வந்திருந்தால் ஆஜர் போடு, வராவிட்டால் ஆஜர் இல்லை’ என்று எங்கோ ஒரு அறையில் உட்கார்ந்து ஒரு மனிதன் எழுதிவைத்த கட்டளை. ஜக்கார்டு அட்டையில் துளை போட்டது போல அவன் போட்ட துளை. இதற்குப் பெயர்தான் புரோகிராம். அதே கட்டளையை, ‘சிக்னல் இல்லாவிட்டால் மேட் கையெழுத்தை ஒப்புக்கொள்’ என்று ஒரு வரி சேர்த்தும் எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த ஒரு வரி விடுபட்டுப் போனதைப் பார்த்து, “இதைச் சேர், முடியும்” என்று அதிகாரியின் எதிரே நின்று சொல்லக்கூடியவர் நம் தெருவில் எத்தனை பேர்? மனு எழுதத் தெரிந்த ஒருவன் ஒரு காலத்தில் ஊருக்கே எப்படித் தேவைப்பட்டானோ, அப்படித் தேவைப்படுகிறான் இந்த வித்தை தெரிந்தவன்.

ஆகவே பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் என்றால் டைப் அடிப்பதும், படம் வரைவதும், செல்போனைத் தேய்ப்பதும் என்று நினைத்துவிடக் கூடாது. அதையெல்லாம் பிள்ளைகள் தாமாகவே கற்றுக்கொள்கிறார்கள், நமக்கும் சொல்லித் தருகிறார்கள். ஒரு வேலையைச் சின்னச் சின்னக் கட்டளைகளாகப் பிரிப்பது, எந்த இடத்தில் தப்பு நேரும் என்று முன்கூட்டியே யோசிப்பது, தப்பு வந்தால் வரிவரியாகத் தேடிப் பிடிப்பது, இதுதான் கம்ப்யூட்டர் விஞ்ஞானம். நூல் அறுந்தால் எந்த ஸ்பிண்டிலில், எந்தக் காரணத்தால் என்று தேடுகிற புத்தி நம் ஆட்களுக்கு இருக்கிறது. அந்தப் புத்திக்கு ஏட்டுப் பயிற்சி கிடைக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் இருப்பது என்ன? மேல்நிலை வகுப்பில், அதாவது பதினொன்றிலும் பன்னிரண்டிலும், கம்ப்யூட்டர் ஒரு பாடம். கணக்குக் குரூப்புக்குக் கணினி அறிவியல், வணிகவியல் குரூப்புக்குக் கணினிப் பயன்பாடுகள், தொழிற்கல்விக்குக் கணினித் தொழில்நுட்பம் என்று மூன்று புத்தகம். 2018-லும் 2019-லும் வந்த இந்தப் புத்தகங்களை ஒரு தோழர் வீட்டில் புரட்டிப் பார்த்தேன். பதினொன்றில் சி பிளஸ் பிளஸ், பன்னிரண்டில் பைதான். எனக்குப் பாதி புரியவில்லை. ஆனால் சரக்கு உள்ள புத்தகம் என்று தெரிந்தது. தமிழிலும் இருக்கிறது. சந்தோஷம்.

ஆனால் அதற்குக் கீழே? ஆறு முதல் பத்து வரை தனிப் பாடம் கிடையாது, தனி வாத்தியார் கிடையாது, அதற்கென்று பரீட்சையும் கிடையாது. அறிவியல் புத்தகத்தின் வால்பக்கத்தில் ஒரு சிறு அலகாகக் கம்ப்யூட்டரைச் செருகியிருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் அந்த அலகு வருவதற்குள் வருஷப் பரீட்சை வந்துவிடும். ஒளியும் மின்சாரமும் மரபணுவும் நடத்தி முடிக்கவே மூச்சு வாங்குகிற அறிவியல் ஆசிரியர் அதை என்ன செய்வார்? “படித்துக்கொள்ளுங்கள்” என்பார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். காசு கட்டிப் படிக்கிற பிள்ளைக்கோ மூன்றாம் வகுப்பிலேயே கையில் கம்ப்யூட்டர் புத்தகம். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகளும் ஒரே கேள்வித்தாளுக்கு முன்னால் உட்காருகிறார்கள். ஒருத்திக்குப் பத்து வருஷப் பழக்கம், இன்னொருத்திக்குப் பத்து மாசப் பழக்கம்!

வீட்டில் பழகிக்கொள்ளலாமே என்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2017-18-ல் மத்திய சர்க்காரே எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராமங்களில் 100 வீட்டுக்கு 4 வீட்டில்தான் கம்ப்யூட்டர் இருந்தது. பட்டணத்தில் 23. செல்போன் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். செல்போனில் படம் பார்க்கலாம், கட்டளை எழுதிப் பழக முடியாது.

யந்திரம் வாங்குவதில் சர்க்கார்களுக்கு எப்போதும் உற்சாகம்தான். 2011 முதல் பல வருஷம் லட்சக்கணக்கான மேல்நிலைப் பிள்ளைகளுக்கு இலவச லேப்டாப் கொடுத்தார்கள். நல்ல காரியம், எத்தனையோ கூரை வீடுகளில் முதல் கம்ப்யூட்டர் அதுதான். பிறகு அது நின்று போயிற்று. 6,000-க்கு மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் வைத்தார்கள். நான் போய்ப் பார்த்த இடங்களில், பூட்டிய கதவும் துணி போட்டு மூடிய யந்திரமும் இருந்தன. வாத்தியார்கள் பிள்ளைகளின் விவரங்களை மேலிடத்துக்கு ஏற்றி ஏற்றிக் களைத்துப் போகிற நேரத்தில் மட்டும் கதவு திறந்தது. எல்லா இடத்திலும் அப்படியென்று சொல்ல மாட்டேன். 2025-ல் மாநில சர்க்கார், செயற்கை நுண்ணறிவும் ரோபோவும் சொல்லித்தருவதாக ஒரு திட்டம் அறிமுகம் செய்தது. பெயர் கேட்க நன்றாக இருக்கிறது. சொல்லித்தரப் போவது யார்?

இதுதான் விஷயத்தின் மூலம். யந்திரம் வாங்க டெண்டர் உண்டு; டெண்டரில் பலருக்கு லாபம் உண்டு. வாத்தியார் போட்டால் மாசாமாசம் சம்பளம் கொடுக்க வேண்டும், பென்ஷன் கேட்பார்கள், சங்கம் வைப்பார்கள். ஆகவே யந்திரம் வருகிறது, வாத்தியார் வருவதில்லை. மேல்நிலைப் பள்ளிகளுக்கே கம்ப்யூட்டர் ஆசிரியர்களை முதலில் ஒப்பந்தக் கூலிகளாகத்தான் எடுத்தார்கள். 2019-ல் 814 இடங்களுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் பரீட்சை வைத்தது. கம்ப்யூட்டரிலேயே எழுதும் பரீட்சை. சில மையங்களில் யந்திரம் மக்கர் செய்து தடைப்பட்டது என்பது தனிக் கதை. கம்ப்யூட்டர் படித்து பி.எட். பட்டமும் வாங்கிய ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஜவுளிக்கடையிலும் பெட்ரோல் பங்கிலும் நிற்கிறார்கள். ஆறிலிருந்து பத்துவரை பாடமே இல்லாததால் அவர்களுக்குப் பட்டதாரி ஆசிரியர் பதவியே கிடையாது. ஒரு பக்கம் வாத்தியார் இல்லாத பிள்ளை, மறுபக்கம் பிள்ளை இல்லாத வாத்தியார். நடுவில் ஒரு பூட்டு.

இது நம் ஊர் வியாதி மட்டுமல்ல. இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் ஐந்து வயதுப் பிள்ளையிலிருந்தே கம்ப்யூட்டர் பாடம் கட்டாயம் என்று சட்டம் போட்டார்கள். மூன்று வருஷம் கழித்து அங்குள்ள ராயல் சொசைட்டி என்ற விஞ்ஞானச் சபை விசாரித்துப் பார்த்தது. பாதிக்கு மேற்பட்ட பள்ளிகளில், 100-க்கு 54-ல், பத்தாவது அளவிலான பரீட்சைக்கு அந்தப் பாடமே வைக்கப்படவில்லை! எழுதியவர்களில் ஐந்தில் ஒரு பங்குதான் பெண்கள். பணக்கார தேசமே வாத்தியார் இல்லாமல் தடுக்கி விழுந்தது.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 2001-ல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ என்று ஆரம்பித்தார்கள். பிறகு எட்டு, ஒன்பது, பத்து வகுப்புகளுக்கு அது கட்டாயப் பாடமாயிற்று, எஸ்.எஸ்.எல்.சி.யில் பரீட்சையும் வந்தது. தொடக்கத்தில் மைக்ரோசாப்ட் என்ற அமெரிக்கக் கம்பெனியின் சரக்கையே பாடமாக வைக்கப் பார்த்தார்கள். ஆசிரியர் சங்கம் எதிர்த்தது. முடிவில் லினக்ஸ் என்ற சுதந்திர மென்பொருள் வகுப்புக்கு வந்தது. இது என்ன வித்தியாசம் என்று கழனிக்காரருக்கு ஒரு வார்த்தையில் சொல்லலாம். கம்பெனி விதை என்றால் வருஷா வருஷம் காசு கொடுத்து வாங்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறதென்று கேட்கக் கூடாது. சொந்த விதைநெல் என்றால் எடுத்து வைக்கலாம், பக்கத்து வீட்டுக்கும் கொடுக்கலாம், ஒட்டுப் போட்டுப் பார்க்கலாம். லினக்ஸ் விதைநெல் மாதிரி. பிற்பாடு 2018 வாக்கில் 45,000 வகுப்பறைகளில் யந்திரம் ஏற்றினார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 2025-ல் ரோபோ செய்யும் பாடமும் வந்துவிட்டது.

அங்கேயும் எல்லாம் பூரணம் என்று சொல்லமாட்டேன். கேரளத்தில் தனி வாத்தியார் வைக்காமல், மற்ற பாட வாத்தியார்களுக்கே பயிற்சி கொடுத்துச் சமாளிக்கிறார்கள். அவர்களுக்கு அது கூடுதல் சுமை. நம்மிடம் படித்துவிட்டுக் காத்திருக்கிற ஆட்கள் இருக்கும்போது, நாம் ஏன் அந்தக் குறையையும் சேர்த்துக் காப்பியடிக்க வேண்டும்? அவர்களுடைய கட்டாயப் பாடத்தையும் விதைநெல்லையும் எடுத்துக்கொள்வோம். வாத்தியாரை நாம் போடுவோம்.

மத்திய சர்க்காரின் வேஷம் வேறு. 2020-ல் கொண்டுவந்த கல்விக் கொள்கையில் ஆறாம் வகுப்பிலிருந்து புரோகிராம் எழுதும் பயிற்சி என்றது. 2025 அக்டோபரில், 2026-27 முதல் மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவுப் பாடம் என்று அறிவித்தது. கேட்க இனிமைதான். ஆனால் அவர்களே வெளியிட்ட 2023-24 கணக்குப்படி, தேசத்தின் பள்ளிகளில் 100-க்கு 57-ல்தான் ஓடுகிற கம்ப்யூட்டர் இருந்தது. அதே சர்க்கார், பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணத்துக்காக 2024-25-க்குத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்விக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. ஒரு கையால் பாடத்தை எழுதுகிறார்கள், மறு கையால் பலகையைப் பிடுங்குகிறார்கள்.

“கம்ப்யூட்டரே புரோகிராம் எழுத ஆரம்பித்துவிட்டதாமே, இனிமேல் பிள்ளைகள் எதற்குப் படிக்க வேண்டும்?” என்று ஓர் இளந்தோழர் கேட்டார். நியாயமான சந்தேகம். சம்பளச் சீட்டையும் யந்திரம்தான் போடுகிறது. அதற்காக நாம் கூட்டல் கழித்தலை மறந்துவிடலாமா? ஓவர்டைம் குறைந்திருக்கிறது, பி.எப். பிடித்தம் கூடியிருக்கிறது என்று கண்டுபிடிப்பவர் யார்? தானே கூட்டிப் பார்க்கத் தெரிந்த தொழிலாளி.

வேலை கிடைக்கும் என்று மட்டும் நான் யாருக்கும் ஆசை காட்ட மாட்டேன். 2025 ஜூலையில் டி.சி.எஸ். கம்பெனி 12,000 பேருக்கு மேல் வீட்டுக்கு அனுப்பப் போவதாக அறிவித்தது. கம்ப்யூட்டர் கம்பெனி முதலாளியும் முதலாளிதான். அந்த மகளை ஐ.டி. கம்பெனிக்கு ஆள் தயார் செய்வதற்காகப் படிக்கவைக்கச் சொல்லவில்லை. அவள் நாளை மில்லுக்கே வந்தாலும், பஞ்சாயத்து மெம்பர் ஆனாலும், நர்ஸ் ஆனாலும், முன்னால் வைக்கப்படுகிற திரைக்குப் பின்னே என்ன நடக்கிறதென்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குத்தான்.

ஆகவே கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை எல்லா அரசுப் பள்ளியிலும் கம்ப்யூட்டர் தனிப் பாடம், தமிழில். வாரத்துக்கு இத்தனை பீரியட் என்று கால அட்டவணையில் எழுதி வைத்தது, பி.டி. பீரியடைப் போலக் கடன் வாங்கக் கூடாதது. ஒவ்வொரு பள்ளிக்கும் நிரந்தர வாத்தியார், ஏஜென்சி ஆள் கூடாது. விதைநெல் மென்பொருள். சனிக்கிழமையும் சாயங்காலமும் லேப் திறந்திருக்க வேண்டும், வீட்டில் யந்திரம் இல்லாத பிள்ளைக்கு அதுதான் வீடு. கூரை ஒழுகுகிறதே, கழிப்பறை இல்லையே, முதலில் அதைக் கேட்கலாமே என்பார்கள். கேட்போம், சேர்த்தே கேட்போம். நம் பிள்ளைக்கு ஒன்று கிடைத்தால் இன்னொன்று கிடையாது என்று யார் பங்கு பிரித்தது?

சைடர் தோழருக்கு வருகிறேன். மறுநாள் அவரும் நானும் வேறு ஏழு பெற்றோர்களும் தலைமையாசிரியரைப் பார்த்தோம். அம்மையார் நல்லவர். “நானும் மூணு தடவை எழுதிட்டேங்க. நீங்க கேட்டீங்கன்னா எனக்கும் பலமா இருக்கும்” என்றார். அங்கேயே உட்கார்ந்து முதன்மைக் கல்வி அலுவலருக்கு மனு எழுதினோம். எழுதியது நானல்ல, அந்தப் பெண்தான். என் மெட்ரிகுலேஷன் தமிழைவிட அவள் தமிழ் திருத்தமாக இருந்தது. ஒன்பது கையெழுத்து, இரண்டு கைரேகை.

பதில் இன்னும் வரவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு நூறு பெற்றோரைத் திரட்டுவதென்று தீர்மானித்திருக்கிறோம். சைடர் தோழர் அன்றைக்கு இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு வருகிறார். டீக்கடையில் சிரித்தாரே, அவருக்கும் எட்டாவது படிக்கிற மகன் இருக்கிறானாம். அவரும் வருவதாகச் சொல்லியனுப்பியிருக்கிறார்.